வேங்கடத்துக் கல்லெழுத்தும் வலைத்திரைத் தமிழெழுத்தும்

தோற்றுவாய்

எழுதுவோர் இருந்தால் மட்டும் ஒரு மொழி வாழ்ந்துவிடாது; படிப்போரும் வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த உண்மை. ஆனால் இவ்விருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரே தேடுவோர். எழுதிய ஏடு எங்கே கிடக்கிறது என்று தேடி எடுத்து உலகுக்குக் காட்டுவார் இல்லையேல், எழுதியது எழுதாததற்கே ஒப்பாகும். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றி, பின்னர்ப் பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் மீட்டளித்த டாக்டர் உ. வே. சாமிநாதையரை நாம் போற்றுவது எதனால்? அவர் தேடினார், கண்டெடுத்தார், நாம் படிக்கின்றோம்.

இன்று தேடுவோர் மனிதர் மட்டும் அல்லர். இயந்திரமும் தேடுகிறது. கைப்பேசியில் ஒரு சொல்லை இட்டவுடன், உலகெங்கும் உள்ள பக்கங்களிலிருந்து அச்சொல் உள்ளவற்றை எடுத்து முன்வைக்கின்ற தேடுபொறியே இக்காலத்துச் சுவடி தேடுவோன். அவ்வியந்திரத்தின் கண்ணில் தமிழ் எழுத்து எவ்வாறு பட்டது, நெடுங்காலம் ஏன் படாமற் போயிற்று, இன்றும் எங்கெங்கே படாமல் நிற்கிறது என்பதை வரலாற்று முறையில் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பத்தினராகிய நமக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று. நம் பிள்ளைகள் நாளை எதைத் தமிழில் கண்டெடுப்பார்கள் என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது.

நாம் வாழும் மண்

நாம் வாழும் ஸ்ரீ சிட்டி, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், தடா, சத்தியவேடு ஆகிய ஊர்களுக்கு அருகே 2008-இல் எழுந்த தொழில் நகரம். 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டம் பிறந்தது. அதற்கு முன் சத்தியவேட்டுப் பகுதி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஊர்தி செய்யும் ஆலையும், இனிப்புப் பண்டம் செய்யும் ஆலையும், குளிரூட்டி செய்யும் ஆலையும் அடுத்தடுத்து நிற்கும் இந்நகரில், இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் 2013 முதல் இயங்கி வருகிறது.

நகரம் புதியது, மண் பழையது. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாக வேங்கடத்தையே கூறுகிறது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின், 1960 ஏப்ரலில் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திர மாநிலத்துக்குச் சென்றன. ஆகவே இப்பகுதியில் தமிழர் சிலர் குடிபெயர்ந்து வந்தவர். சிலரோ இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு அவர்களைக் கடந்து சென்றது. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படும் இவ்வூரில், பகைமையின்றி இரு மொழியும் வாழ்கின்றன. அது நமக்குக் கிடைத்த பேறு.

கல், மைப்படி, அச்சு, அகராதி

திருமலைத் திருக்கோயிலின் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பல்லவர், சோழர், யாதவராயர், விசயநகர வேந்தர் எனப் பல காலத்தாரும் தம் அறக்கட்டளைகளை அங்கே பொறித்து வைத்தனர். பொறித்தவர் நோக்கம் யாது? நுந்தா விளக்குக்கு நெய் தவறக்கூடாது. விட்ட நிலத்தின் வருவாய் வேறு வழியிற் செல்லக்கூடாது. பின்வருவோர் படித்தறிய வேண்டும் என்பதற்காகவே கல்லில் எழுத்து ஏறியது.

ஆயினும் நூற்றாண்டுகள் கழிந்தபின், அவ்வெழுத்தைப் படிப்பார் அரியராயினர். நாள்தோறும் பல்லாயிரவர் அச்சுவர்களைக் கண்டனர். படித்தவர் எவரோ சிலர். சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்ற அறிஞர்கள் உழைத்ததன் பயனாக, அக்கல்வெட்டுகளைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930-களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது.

அப்பணி எவ்வாறு நடைபெறும் என்பதை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். முதலில் கல்லின்மேல் ஈரத்தாளை அழுத்தி, மைதடவிப் படியெடுப்பர். இம்மைப்படி கல்லின் உருவம், ஒரு படம். படத்தைக் காண்பவர் எழுத்தின் அழகைக் காண்பார். பழைய எழுத்து அறியாதவர் அதற்கு மேல் ஒன்றும் அறியார். அடுத்து, அறிஞர் அதனைப் படித்து இக்கால எழுத்தில் பெயர்த்து எழுதுவர். இது வாசகம். மூன்றாவதாக, நூலின் இறுதியில் ஊர்ப்பெயர், ஆட்பெயர், பொருட்பெயர் ஆகியவற்றை அகர வரிசையில் அடுக்கி, எந்தப் பக்கத்தில் உள்ளது என்று எண் இடுவர். இது பொருட்குறிப்பு அகராதி. சந்திரகிரி பற்றி அறிய விரும்புவோர் தொகுதி முழுவதையும் புரட்ட வேண்டுவதில்லை; அகராதியைத் திறந்தால் போதும்.

படம், வாசகம், அகராதி ஆகிய இம்மூன்றையும் நினைவில் கொள்வோமாயின், இணையத்தில் தமிழ் பட்ட பாடு முழுவதும் எளிதில் விளங்கும்.

இன்னொரு பாடமும் திருமலையிலேயே இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் பாடிய தெலுங்குச் சங்கீர்த்தனங்கள், அவர் வழியினரால் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுத் திருக்கோயிலுக்குள் ஓர் அறையில் வைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான அவ்வேடுகள் நெடுங்காலம் உலகினர் நினைவினின்று மறைந்திருந்து, 20-ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் வெளிவந்தன. செம்பு அழியவில்லை, எழுத்தும் தேயவில்லை. ஆனால் தேடுவோர் கண்ணில் படாதிருந்த அக்காலம் முழுவதும் பெரும்பாலான பாடல்கள் மக்கள் நாவில் இல்லை. காப்பது வேறு, காணச் செய்வது வேறு. இவ்வேறுபாட்டை நமக்கு உணர்த்த இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அச்சில் ஏறிய தமிழ்

புதிய கருவி ஒன்று வரும்போதெல்லாம் தமிழெழுத்து முதலில் இடர்ப்பட்டே அதனுள் நுழைந்துள்ளது. 1554-இல் லிசுபனில் தமிழ்ச் சொற்கள் அச்சேறியபோது, தமிழ் அச்செழுத்து இல்லாமையால் அவை உரோமன் எழுத்திலேயே அச்சிடப்பெற்றன. 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூலே தமிழெழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள பழமையான நூல். பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் அச்சகத்துக்குச் செருமனியின் ஹாலே நகரிலிருந்து எழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலின் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்க்க வேண்டியதாயிற்று. எழுத்தின் உருவமும் செலவும் பிரிக்க முடியாதவை என்பதைத் தமிழ் அச்சுலகம் அன்றே கற்றுக்கொண்டது.

தட்டச்சுப் பொறி வந்தபோது, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ் எழுத்துகளை அக்குறுகிய விசைப்பலகைக்குள் அடக்கிக் காட்டினார். 1935-இல் பெரியார் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. இவற்றால் அச்சும் தட்டச்சும் எளிமை பெற்றன. ஆனால் அச்சுத்தாளைப் படிப்பவை மனிதக் கண்களே. எழுத்து எவ்வடிவில் இருந்தாலும், அறிந்த கண் அதைப் படித்துக்கொள்ளும். கணினி வந்தபின்தான் எழுத்துக்கு இரண்டு உருவங்கள் ஏற்பட்டன: திரையில் நாம் காண்பது ஒன்று, உள்ளே இயந்திரம் காண்பது மற்றொன்று.

முகமூடி அணிந்த எழுத்துகள்

கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் இன்ன எண் என்று உலகம் ஒப்புக்கொண்ட ஒரு பட்டியல் உண்டு. தமிழுக்கு அவ்வாறு ஒப்புக்கொண்ட பட்டியல் தொடக்கத்தில் இல்லை. ஆகவே ஆர்வம் மிக்க தமிழர் பலர் தத்தம் வழியில் முயன்றனர். கனடாவில் 'ஆதமி', மலேசியாவில் 1985-இல் முத்து நெடுமாறன் அவர்கள் தொடங்கிய 'முரசு', சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் அவர்களின் 'மயிலை', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் 'கணியன்' என இம்முயற்சிகள் பல. இவர்களுள் பலர் நம்மைப் போலவே தாயகத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்மொழிக் கவிதைத் தளம் ஒன்றில் தமிழ்க் கவிதைகளும் இடம்பெற்றன. தமிழெழுத்து வலையேறிய முதல் நிகழ்வாக அதனையே பலரும் குறிப்பிடுவர்.

இவ்வெழுத்துருக்களில் பல கையாண்ட உத்தி யாதெனின், ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணை வைத்துக்கொண்டு அதன் உருவத்தை மட்டும் தமிழாக மாற்றியதே. ஈழத்தமிழரிடையே பெரிதும் பரவிய 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்னும் சொல் திரையில் அழகுற ஒளிரும். ஆனால் கணினியின் உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி என்னும் முகமூடியைக் கழற்றினால் தமிழ் மறைந்து, பொருளற்ற அந்த ஐந்து குறிகள் எஞ்சி நிற்கும்.

இதனால் விளைந்த இடர்கள் இரண்டு. படிப்போர் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவைத் தம் கணினியில் இறக்கி வைக்க வேண்டும் என்பது முதல் இடர். பெயர் பெற்ற இதழ்கள் பலவும் தனித்தனி எழுத்துருக்களைக் கையாண்ட காலம் அது. தேடுபொறியால் இவற்றுள் எதையும் தமிழென்று அறிய முடியவில்லை என்பது இரண்டாம் இடர். 1995-இல் அல்டாவிஸ்டாவும் 1998-இல் கூகுளும் வந்து உலகின் பக்கங்களையெல்லாம் அட்டவணைப்படுத்தின. அவ்வட்டவணையில் நம் இதழ்களின் கட்டுரைகள் ஏறியபோது, அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகவே ஏறின.

முதல் இடருக்கு மருந்து விரைவில் வந்தது. 1997-ஐ ஒட்டி, பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து சேரும் 'இயங்கு எழுத்துரு' முறையை நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாப்டும் தனித்தனியே கொணர்ந்தன. கண்ணுக்குத் தமிழ் தெரிந்தது. ஆனால் உள்ளே இருந்த எண்கள் மாறவில்லை. ஆதலின் தேடுவோனுக்குத் தமிழ் தெரியவில்லை. நோயின் வெளிக்குறி தணிந்தது, நோய் தணியவில்லை.

படமாக நின்ற தமிழ்

எழுத்துருத் தொல்லையே வேண்டாம் என்று கருதியவர்கள் வேறொரு வழியை நாடினர். தமிழ் வாசகத்தைப் படமாக்கி அப்படத்தையே பக்கத்தில் ஒட்டிவிடுவது அவ்வழி. எந்தக் கணினியிலும் எவ்வித எழுத்துருவும் இன்றி அது தெரியும். தலைப்புகளை மட்டும் அவ்வாறு செய்தோர் உண்டு. கட்டுரை முழுவதையுமே செய்தோரும் உண்டு.

இவ்வழி எளிது, ஆனால் விலை மிகுந்தது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த அந்நாளில், ஒரு பக்கம் வாசகத்தைவிட ஒரு பக்கம் படம் பன்மடங்கு மெதுவாக வந்தது. அதனினும் பெரிய குறை, தேடுபொறிக்குப் படம் ஒரு வெற்றுச் சுவர் என்பதே. கண்பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் கருவிக்கும் அவ்வாறே. மைப்படியை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, வாசகமும் அகராதியும் செய்யாமல் விட்டதற்கு இது ஒப்பாகும்.

இங்கே நம் குறையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் சங்கம் முதன்முதலில் இணையதளம் கண்டபோது, மலர்ப் பக்கங்கள் அனைத்தையும் படமெடுத்து ஏற்றினோம். வண்ணக் கோலமும் கோபுரமும் பின்னணியில் நிற்க, ஊரின் பெயரும் தமிழ் வகுப்பு நடைபெறும் நாளும் நேரமும்கூட அழகிய சித்திர எழுத்தில் படமாகவே இருந்தன. பார்த்தவர் பாராட்டினர். ஈராண்டு கழித்துப் பொங்கல் விழாவுக்கு வந்த அம்மையார் ஒருவர் நம்மிடம் சொன்ன சொல் இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது. "ஐயா, இவருக்கு வேலை கிடைத்துச் சேலத்திலிருந்து வந்த நாள் முதலாய்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு உண்டா என்று கைப்பேசியில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இல்லை என்றே எண்ணிவிட்டோம். பெரியவனுக்கு இப்போது தமிழ் எழுத்தே மறந்துவிட்டது" என்றார். வகுப்பு அவர் வீட்டினின்று நடந்து செல்லும் தொலைவில்தான் நடந்துகொண்டிருந்தது. நம் பக்கத்தில் அச்செய்தி இருந்தது. ஆனால் தேடுவோன் படிக்கும் எழுத்தில் இல்லை. ஒரு பிள்ளையின் ஈராண்டுத் தமிழ் அதனால் போயிற்று.

ஒருமை தேடிய முயற்சிகள்

சிதறிக் கிடந்த எழுத்துருக்களை ஒருமுகப்படுத்த அறிஞர் பலர் முயன்றனர். 1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு கூடிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டு அரசு 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியேற்றங்களையும், 'தமிழ்99' என்னும் விசைப்பலகையையும் தரப்படுத்திற்று. அதே காலத்தில், பல நாட்டுத் தமிழர் மின்மடல் வழியே கலந்துரையாடி 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கி வந்தது. அத்திட்டத்தார் நூல்களை மைப்படியாக அல்லாமல் வாசகமாக ஏற்றிய தொலைநோக்கை நாம் எத்துணை போற்றினும் தகும். வாசகமாக இருந்தமையாலேயே அந்நூல்களைப் பின்னர் ஒரு குறியேற்றத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முடிந்தது.

எனினும் டாம், டாப், திஸ்கி எல்லாம் 256 இடங்களுக்குள் அடங்க வேண்டிய நெருக்கடியில் பிறந்தவை. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் தரும் ஒருங்குறி 1991-இல் வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இந்திய மொழிகளுக்காக 1988-இல் வகுக்கப்பட்ட 'இஸ்கி' என்னும் முறையை அது பின்பற்றிற்று. ஆனால் ஒருங்குறித் தமிழைத் திரையில் காட்டவல்ல கணினி மக்கள் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் 2000 'லதா' என்னும் எழுத்துருவுடன் வந்தபின் நிலை மாறத் தொடங்கிற்று. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. மதுரைத் திட்டமும் ஒருங்குறிக்கு மாறிற்று.

ஒருங்குறியில் குறை கண்டோரும் உண்டு. தமிழில் எழுத்துகள் 247. அவற்றுள் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தராமல், மெய்யோடு குறி சேர்த்து எழுதவைத்தது முறையன்று என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, அது இயலாத இடங்களில் கையாள அனைத்தெழுத்துக் குறியேற்றம் ஒன்றையும் ஏற்றது. ஆயினும் உலகத் தேடுபொறிகள் அனைத்தும் படித்தறிவது ஒருங்குறியையே. ஆதலால் தமிழ் வலைப்பக்கங்கள் ஒருங்குறியிலேயே நிலைபெற்றன. 'தமிழ்' என்று இட்டால் தமிழே வந்தது. எத்தனையோ ஆண்டுகளாக நம் முன்னோர் ஏங்கிய எளிமை அது.

நம் ஊர்ப்பெயரிலேயே ஒரு முடிச்சு

ஒருங்குறி வந்தபின் எல்லாம் தீர்ந்தது என்று நாம் இருந்துவிடல் ஆகாது. நம் ஊர்ப்பெயரின் முதலெழுத்தையே நோக்குவோம். 'ஸ்ரீ' என்னும் எழுத்தை இருவகையாகக் கணினிக்குள் இடலாம். 'ஸ' என்பதோடு புள்ளியும் ரகரமும் ஈகாரக் குறியும் சேர்ப்பது ஒரு வகை. 2005-இல் ஒருங்குறியில் புதிதாகச் சேர்க்கப்பட்ட 'ஶ' என்னும் எழுத்தோடு அவற்றைச் சேர்ப்பது மற்றொரு வகை. பல எழுத்துருக்களில் இவ்விரண்டும் திரையில் ஒரே உருவமாகவே தோன்றும். கண்ணால் வேறுபாடு காண இயலாது. ஆனால் எண்ணைப் பார்க்கும் இயந்திரத்துக்கு இவை இரு வேறு சொற்கள். சில தேடல்கள் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும், சில கொள்ளா. ஆகவே நம் மலரில் ஒருவர் ஒரு வகையிலும் மற்றொருவர் மறுவகையிலும் எழுதினால், ஒரே ஊர் இரண்டு ஊராகப் பிரிந்து நிற்கும்.

'ஔவையார்' என்னும் பெயரும் இத்தகையதே. 'ஔ' என்னும் ஓரெழுத்தை இடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டால் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றும். தேடுபொறியோ மூதாட்டியை அறியாது நிற்கும். 'கௌரி', 'மௌனம்' முதலிய சொற்களிலும் இப்பிழை நேர்கிறது. காலுக்குப் பதிலாக ரகரத்தை இடும் வழக்கமும் உண்டு. அச்சுத்தாளில் இவை பொறுக்கத்தக்க பிழைகள். வலைப்பக்கத்தில் இவை எழுத்தை மறைக்கும் பிழைகள்.

அழகும் தேடலும் பகையல்ல

அழகிய எழுத்துரு வேண்டும், வண்ணப்படம் வேண்டும் என்று விரும்புவது தவறா? ஒருகாலும் அன்று. கல்வெட்டு எழுத்தும் அழகுறவே வெட்டப்பட்டது. அழகையும் தேடலையும் ஒருங்கே பெறும் வழி இன்று உண்டு.

பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பும் முறை 1998-லேயே வலைத் தரங்களில் எழுதப்பட்டது. ஆயினும் 2008, 2009-ஆம் ஆண்டுகளில்தான் உலாவிகள் பலவற்றில் அது நன்கு வேரூன்றிற்று. வலை எழுத்துருக்களுக்கென்றே சுருக்கப்பட்ட கோப்பு வடிவம் ஒன்று 2012-இல் தரமாக ஏற்கப்பட்டது. பழைய இயங்கு எழுத்துருவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். இன்று உள்ளே இருப்பது ஒருங்குறித் தமிழ். எழுத்துரு அதன் மேல் போர்த்திய ஆடை மட்டுமே. ஆடையைக் கழற்றினாலும் ஆள் தமிழனே. 'நோட்டோ', 'கட்டுமரன்', 'மீரா இனிமை' எனத் தமிழுக்கென விலையின்றிக் கிடைக்கும் எழுத்துருக்கள் பல. சீனம் போன்று ஆயிரக்கணக்கான எழுத்துகள் இல்லாமையால் தமிழ் எழுத்துருக் கோப்பு சிறியதாகவே அமையும். எனினும் ஒரு பக்கத்தில் நான்கைந்து எழுத்துருக்களைக் குவித்தால் பக்கம் திறக்கக் காலந்தாழும். எழுத்துரு வந்து சேரும்வரை கைப்பேசியில் உள்ள தமிழெழுத்திலேயே வாசகத்தைக் காட்டுமாறு அமைத்தல் நன்று. 2018 ஜூலை முதல் கைப்பேசித் தேடலில் பக்கம் திறக்கும் விரைவையும் கூகுள் ஓர் அளவுகோலாகக் கொண்டுள்ளது என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

படங்களுக்கும் வழி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், அது இன்னது என்று சொல்லும் மாற்றுரை ஒன்றை எழுதலாம். 1997 இறுதியில் வெளிவந்த வலைப்பக்க மொழியின் நான்காம் பதிப்பே இதனைக் கட்டாயமாக்கிற்று. 'படம் ஒன்று' என்று எழுதுவதில் பயனில்லை. 'திருக்காளத்திக் கோபுரத்தின் முன் நம் சங்கத்துச் சிறுவர்' என்று எழுதினால், பார்வையற்ற அன்பருக்கும் அது காட்சியாகும். தேடுபொறிக்கும் அது வாசகமாகும். படத்தின் கீழே ஒரு குறிப்பு, கோப்புக்குப் பொருளுள்ள பெயர், திரைக்கு ஏற்ற அளவு ஆகியவையும் வேண்டும். படத்திலுள்ள எழுத்தைத் தானே படித்தறியும் கருவிகளும் இன்று உள. பழைய நூல்களை மீட்க அவை பேருதவி செய்கின்றன. ஆயினும் அக்கருவி பழைய அச்சிலும் சித்திர எழுத்திலும் தடுமாறும். அது படித்ததை மனிதர் சரிபார்த்தல் இன்றியமையாதது.

நாம் செய்யத்தக்கவை

அம்மையார் சொல்லைக் கேட்ட பின்னர் நம் சங்கத்தார் கூடி எடுத்த முடிவுகளைப் பிற ஊர்ச் சங்கத்தாருக்கும் பயன்படும் எனக் கருதி ஈண்டுக் குறிக்கிறோம். பழைய மலர்களின் கட்டுரைகளை ஒருங்குறியில் பெயர்த்து எழுதுகிறோம். படத்தை நீக்கவில்லை, படத்தின் அருகே வாசகத்தை வைக்கிறோம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவற்றைக் குறியேற்ற மாற்றிகள் நொடியில் மாற்றித் தருகின்றன. பிழைகளை மட்டும் பெரியவர்கள் பார்த்துத் திருத்துகிறார்கள். ஊர்ப்பெயரை ஒரே முறையில் எழுதுவதென்று வரையறுத்துள்ளோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப்பக்கமும், அதன் பொருளைச் சொல்லும் தலைப்பும் தருகிறோம். வகுப்பு நடைபெறும் நாளும் இடமும் இப்போது எழுத்தாகவே நிற்கின்றன.

இப்பணியில் நாம் எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது. தட்டச்சு செய்ய முன்வந்தவர்கள் மேல்வகுப்பில் பயிலும் நம் பிள்ளைகளே. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் அவர்கள், தம் பாட்டனார் எழுதிய கட்டுரையை ஓரெழுத்து ஓரெழுத்தாகப் பெயர்த்தெழுதும்போது தமிழையும் கற்றுக்கொண்டனர். றகரமும் ரகரமும் அவர்களுக்கு அப்போதுதான் வேறுபட்டன. கல்வெட்டைப் படித்துப் பெயர்த்த அறிஞரின் வேலையைச் சிறு அளவில் அவர்கள் செய்கின்றனர்.

முடிவுரை

வேங்கடத்துச் சுவரில் எழுத்து வெட்டியவர்க்குத் தேடுபொறி தெரியாது. ஆனால் பின்வருவோர் படிக்கவேண்டும் என்னும் கவலை அவர்க்கு இருந்தது. அக்கவலையே கல்லைத் தேர்ந்தது, உளியைக் கூர்மையாக்கிற்று. நம்மிடம் இன்று கல்லும் உளியும் இல்லை. அக்கவலை இருந்தால் போதும். அழகுக்காக எழுத்தைப் படமாக்கும்போதும், விரைவுக்காகப் பழைய எழுத்துருவில் தட்டும்போதும், 'இதைத் தேடிவரும் பிள்ளைக்கு இது கிடைக்குமா?' என்று ஒரு கணம் எண்ணுவோமாக.

சேலத்துக் குடும்பத்தின் பெரிய பிள்ளை இப்போது நம் வகுப்புக்கு வருகிறான். இம்மலரில் வரும் சில பக்கங்களை இணையத்துக்கென ஒருங்குறியில் இடும் பணியில் அவன் கைவேலையும் சேர்ந்திருக்கிறது. எழுத்துப்பிழை காணும் அன்பர்கள் பொறுத்தருள்க; திருத்தம் எழுதி உதவுக. தமிழ் காணப்படுவதாக! கண்டவர் படிப்பாராக!